வர்ணத் துகளில் ஒரு மலை

பாஸ்டல் என்றதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் பிசுபிசுக்கும் குச்சிதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அது எண்ணெய்ப் பாஸ்டல். ஜப்பானில் 1920-களில் பிறந்தது. நான் சொல்ல வந்தது அதற்குப் பாட்டி முறையான மென்பாஸ்டலைப் பற்றி. வர்ணப் பொடி, வெள்ளைச் சுண்ணம், கட்டுவதற்குத் துளி பிசின், அவ்வளவுதான் சரக்கு. தொட்டால் விரலில் ஒட்டும், தும்மினால் பறக்கும். ஆனால் எண்ணெய் இல்லாததால் நாளடைவில் மஞ்சளிப்பதும் இல்லை, வெடிப்பதும் இல்லை.

இந்தக் குச்சிகளோடு எனக்குச் சிநேகம் ஏற்பட்டது சித்தப்பாவால். அம்பாசமுத்திரத்தில் முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். நீர்வர்ணத்தில் ஒரு தென்னங்கீற்றைக்கூட ஓலை ஓலையாகப் பிரித்துக் காட்டுவார். 2021-ல் அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருவதாக டாக்டர் கண்டு சொன்னார். போன பார்வை திரும்பாது, ஓரப் பார்வை மட்டும் மிஞ்சும் என்றார். வீட்டுக்கு வந்த அன்றே தூரிகைகளையெல்லாம் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்தவர்தான். சித்தி இரண்டு முறை கூப்பிட்டால் ஒரு முறை பதில் வரும்.

நான் பத்திரிகைக்காரன். ஆறுதல் சொல்லத் தெரியாது. படித்ததைச் சொல்லத் தெரியும். பிரான்ஸ் தேசத்து ஷார்தான், எழுபதை ஒட்டிய வயதில் கண் கெட்டபோது எண்ணெய் வர்ணத்தை விட்டுப் பாஸ்டலுக்கு மாறினார். மூக்குக் கண்ணாடியோடு 1771-ல் அவர் தீட்டிய சுய உருவம் பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. பார்வை மங்கிய காலத்தில் டெகாவும் இந்தக் குச்சிகளைத்தான் பெரிதும் நம்பினார். இதைச் சொல்லி ஒரு பெட்டியை நீட்டினேன்.

“ஏலே, அவங்கல்லாம் மேதைங்க. நான் டிராயிங் வாத்தியாரு” என்றார். ஆனால் பெட்டியைத் திருப்பித் தரவில்லை.

மார்கழிக் காலை ஒன்றில் அவரை வயல் வரப்புக்கு அழைத்துப் போனேன். எதிரே பச்சைப் பிசான நெல். அதற்கு அப்பால் வெயில் விழுந்த பொதிகை மலைத்தொடர். இயற்கைக் காட்சி தீட்டுகிறவர் கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் இலையும் கிளையும் மறைந்து ஒளியும் நிழலும் நாலைந்து பெரிய திட்டுகளாகத் தெரியும் என்று புத்தகத்தைப் படித்துக் காட்டினேன்.

“எனக்கு அந்தச் சிரமம் இல்லலே. பகவான் பாதி மூடியேதான் வச்சிருக்கான்!” என்று சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

சொரசொரப்பான காகிதம் வேண்டும். வழவழப்பில் பொடி நிற்காது. பழக்கத்துக்கு உப்புத்தாளே போதும். வெள்ளையை விட நிறமுள்ள தாள் நல்லது. காவி நிறத் தாளில் வயலைத் தீட்டினால், இடையிடையே தெரியும் காவி பச்சைக்கு உயிர் கொடுக்கும். வானத்திலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். வானம் உச்சியில் அடர்ந்தும் அடிவானத்தில் வெளுத்தும் இருக்கும். தூரத்து மலை நீலம் கலந்து மங்கும். பளிச்சென்ற நிறங்கள் கிட்டத்துக்கே உரியவை. முதலில் இருள், கடைசியில் வெளிச்சம். முதலில் கெட்டிக் குச்சி, மேலே மிருதுவானது. விரலால் ஓயாமல் தேய்த்தால் காகிதத்தின் சொரசொரப்பு அடைந்து, நிறம் செத்துவிடும். உதிர்ந்த பொடியை வாயால் ஊதக் கூடாது. சில வர்ணங்கள் நெஞ்சுக்குக் கெடுதல். பலகையைச் சற்று முன்சாய்த்து வைத்துத் தட்டிவிட வேண்டும்.

இதில் நிறங்களைத் தட்டில் குழைக்க முடியாது. ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு குச்சி தேவை. கரும்பச்சைக்கும் நீலத்துக்கும் சித்தப்பா தடுமாறினார். வழி கண்டவர் சித்திதான். ஒரு தட்டில் அட்டைத் தடுப்பு வைத்து, நிறத்துக்கு ஒரு வரிசை, இடப்புறம் இருள், வலப்புறம் ஒளி என்று அடுக்கித் தந்தார். இப்போது கண்ணுக்கு முன்னால் கை போய்விடுகிறது. அழுக்கேறிய குச்சிகளை ஒரு டப்பாவில் அரிசியோடு போட்டுக் குலுக்கினால் சுத்தமாகிவிடும். “அந்த அரிசியை உலையில போட்டுராதீங்க” என்பது சித்தியின் நிரந்தர எச்சரிக்கை.

முடிந்த படத்தின் மேல் பொடியை நிறுத்தும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்தால் வெளிச்சமெல்லாம் கறுத்துப்போகும். தடித்த அட்டை விளிம்பு வைத்து, கண்ணாடி படத்தில் படாமல் சட்டம் போடுவதே சரியான காவல்.

பாஸ்டலில் வானத்தைத் தீட்டிப் பேர் வாங்கிய பூதேன் என்ற பிரெஞ்சுக்காரர், படத்தோடு தேதி, மணி, காற்றின் திசை எல்லாம் குறித்துவைப்பாராம். 1859-ல் கவிஞர் போதலேர் அதை வியந்து எழுதியிருக்கிறார். சித்தப்பாவுக்கு அந்தப் பழக்கம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு தாளின் பின்புறமும் நாளும் நேரமும் பென்சிலில் எழுதுகிறார்.

போன தடவை அந்தக் கட்டைப் புரட்டினேன். முதல் தாளில் எழுத்து கடுகு போல இருந்தது. நடுவில் நெல்லிக்காய் அளவு. கடைசித் தாளில் தேதி மட்டுமே பாதிப் பக்கத்தை அடைத்திருந்தது. முன்புறம் திருப்பினேன். மலை அப்படியே நின்றது.

“தாள் தீரப் போவுதுலே” என்றார் சித்தப்பா. பொங்கலுக்குப் போகும்போது இரண்டு கட்டு வாங்கிப் போக வேண்டும்.