கிராமர் சரிதான்

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதினேன். யார் இங்கிலீஷில் எதை எழுதினாலும் அனுப்புமுன் என் மேஜைக்கு வந்துவிடும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

சில வருஷம் முன்பு, தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், ஹெச்.ஆர். பையன் ஒரு சர்க்குலரை நீட்டினான். ‘ஆல் டெம்பரரி ஒர்க்கர்ஸ் ஆர் நாட் எலிஜிபிள் ஃபார் போனஸ்.’

“அண்ணா, கிராமர் கரெக்டான்னு பாருங்க.”

எழுவாய் பன்மை, வினை பன்மை, எழுத்துப்பிழை இல்லை. டிக் போட்டுக் கொடுத்தேன்.

கிராமர் கரெக்ட்தான், இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் அந்த ‘நாட்’ எதை மறுக்கிறது? டெம்பரரி ஆட்களில் ஒருவருக்குமே போனஸ் இல்லை என்றும் படிக்கலாம். எல்லாருக்கும் இல்லை, சிலருக்குத்தான் என்றும் படிக்கலாம். ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்பதை நாம் இரண்டாவது விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். அதை நம்பி நகைக்கடைக்குப் போகாமல் இருந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கம்பெனி சொல்ல வந்ததும் இரண்டாவதுதான். அப்போது நடப்பிலிருந்த 1965ஆம் வருஷத்து போனஸ் சட்டப்படி, சம்பள வரம்புக்குள் வருகிறவர் கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். டெம்பரரி என்பது தடையில்லை.

இரண்டு அர்த்தமும் எனக்கு அப்போதே தெரிந்தது. கவனிக்காமல் விட்டேன் என்றால் பொய். எழுதியவர் மேனேஜர், அவர் இங்கிலீஷில் கை வைத்தால் முகம் மாறிவிடும். பையன் கிராமரைத்தானே கேட்டான், அர்த்தத்தையா கேட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனைக்கும், அமெரிக்காவில் மெய்ன் மாநில ஓவர்டைம் சட்டத்தில் ஒரு கமா இல்லாததால் பால் கம்பெனி டிரைவர்கள் 2017இல் மேல்முறையீட்டில் ஜெயித்ததையும், அடுத்த வருஷம் கம்பெனி 50 லட்சம் டாலருக்கு சமரசம் பேசியதையும் டீக்கடையில் ராகம் போட்டுச் சொல்கிறவன் நான். வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் வருகிறது என்பதுதான் அங்கே வழக்கே.

சூப்பர்வைசர் சர்க்குலரைப் படித்துவிட்டு பேக்கிங் பக்கம் போய், “டெம்பரரி ஆளுங்களுக்கு போனஸ் இல்லைங்க” என்று சொல்லிவிட்டார். ஏழெட்டு மாசமாக வேலைக்கு வந்துகொண்டிருந்த ஓர் அக்கா, கொடுப்பதற்காக எடுத்து வந்திருந்த பாஸ்புக் ஜெராக்ஸை நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டார். பட்டியலில் பெயர்கள் விட்டுப்போனது பண்டிகை முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. பணம் பிறகு கொடுத்தார்கள். தீபாவளிக்கு இல்லை.

மேனேஜர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நிற்கவைத்து, “இங்கிலீஷ் புரியலைன்னா கேட்டுத் தொலைக்கிறதுக்கு என்ன?” என்று சத்தம் போட்டார். பக்கத்து மேஜையில் நான் வவுச்சருக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் படித்ததில் தப்பில்லை சார், அந்த வாக்கியம் அப்படியும் பொருள் தரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேனேஜர் என்னைக் கைகாட்டி, “இவர்கிட்டயாவது கேட்டிருக்கலாமில்ல?” என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.