மாமல்லபுரத்துப் பூனை

மாமல்லபுரத்துக்குப் போகாதவர்கள் உங்களில் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர்தான். காலையில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினால், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடலாம். கடற்கரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள், சங்குமாலையும் வாங்கியிருப்பீர்கள். ஆனால் அங்கே ஒரு பூனை இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? அந்தப் பூனைக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் சரித்திர டீச்சர். 2008-ம் வருஷம் ஜனவரி மாதம், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் 42 பேரை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றேன். அதற்கு முன் இருபது வருஷங்களாக வகுப்பில் நான் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. ‘டீச்சர் சிரித்தால் வகுப்பு கைநழுவிப் போய்விடும்’ என்பது என் சித்தாந்தம். பஸ் கிளம்பும்போதே, “இது உல்லாசப் பிரயாணம் இல்லை, பாடம். எல்லாரும் நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்!” என்று உத்தரவு போட்டுவிட்டேன்.

அந்த 42 பேரில் ஒருத்தியைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையே கிடையாது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை, பக்கத்துப் பெண்ணைச் சீண்டுவதும் இல்லை. அரைப் பரீட்சை ரிப்போர்ட்டில், ‘மிகவும் அடக்கமான பெண்’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

முதலில் ஐந்து ரதங்களுக்குப் போனோம். பெயர்தான் பாண்டவர் ரதம். பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி உண்டாக்கிய கோயில்கள் இவை. திரௌபதி ரதம் ஓலைக் குடிசை போலவே இருக்கும். நகுல சகாதேவ ரதத்தின் பின்புறமோ வளைந்திருக்கும். அதன் பக்கத்திலேயே கல்லால் ஆன ஒரு பெரிய யானை நிற்கிறது. யானையின் முதுகையும் கோயிலின் பின்புறத்தையும் மாறி மாறிப் பாருங்கள். இரண்டும் ஒரே வளைவு!

“இந்த அமைப்புக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர்” என்றேன்.

“சரித்திரப் பாடம் கேட்டா யானைகூடத் தூங்கிடுமா, டீச்சர்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

நான் முறைத்தேன், எல்லாரும் நோட்டுப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால், கோயிலுக்குப் பக்கத்தில் யானையைக் கொண்டுவந்து நிறுத்திய சிற்பி மட்டும் சிரிக்காமலா செதுக்கியிருப்பான்?

அங்கிருந்து ஊருக்குள் வந்து, அர்ஜுனன் தபசு என்று சொல்லும் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் நின்றோம். ஏறக்குறைய 96 அடி நீளம், 43 அடி உயரம். தேவர்கள், முனிவர்கள், யானைகள், மான்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். மேலே ஒரு தபஸ்வி, விலா எலும்பு தெரிய, ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார். அவர் அர்ஜுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கண்ணைக் கீழே கொண்டுவாருங்கள். பெரிய யானையின் அருகில் ஒரு பூனை! அதுவும் பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே இருக்கும் தபஸ்வியைப் போலவே கடும் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். பூனையார் திருந்திவிட்டார் என்று நம்பி வந்தவை, பாவம்!

“இந்தக் கதையிலிருந்து என்ன தெரிகிறது?” என்று கேட்டேன். போலிச் சாமியார்களைப் பற்றிப் பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். யாரும் பேசவில்லை. அப்போது அந்த ‘அடக்கமான’ பெண் மெல்ல வாயைத் திறந்தாள்.

“எலிங்க எல்லாம் நாங்க, டீச்சர். மத்தியானப் பீரியட்லே கண்ணை மூடிக்கிட்டு மேஜை முன்னாலே உட்கார்ந்திருக்கிற பூனை யாருன்னு... நான் சொல்ல மாட்டேன்.”

ஒரு கணம் கடற்காற்றுகூட நின்றுவிட்டது போலிருந்தது. 41 பெண்களும் என் முகத்தையே பார்த்தார்கள். நானோ பூனையைப் பார்த்தேன். அதன் மோவாயும் அது நிற்கிற தோரணையும் கொஞ்சம் என்னைப் போலத்தான் இருந்தன! எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். பெண்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சிரிச்சு ரொம்ப நாளாச்சு, டீச்சர்” என்றாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அம்மா ஆறு மாதமாகப் படுத்த படுக்கை. விடியற்காலையில் எழுந்து, அப்பாவுக்கும் தம்பிக்கும் சமைத்து வைத்துவிட்டு, அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். அது அடக்கம் இல்லை, அம்மா, அசதி! அதைத்தான் நான் நற்குணமென்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தேன். அன்று நான் முறைத்திருந்தால், அவள் அதற்குப் பிறகு வாயே திறந்திருக்க மாட்டாள்.

மறுவாரம் அவள் வீட்டுக்குப் போனேன். பெரிய உபகாரம் ஒன்றும் என்னால் செய்துவிட முடியவில்லை. காலையில் தாமதமாக வந்தால் யாரும் கடிந்துகொள்ளாதபடி பார்த்துக்கொண்டேன்; வீட்டுப் பாடத்தை மத்தியான இடைவேளையில் என் மேஜையிலேயே முடிக்க வைத்தேன். நான் கண்ணை மூடிக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டேன்!

இப்போது அவளுக்கே ஒரு குழந்தை இருக்கிறது. செப்டம்பர் 5-ந் தேதி தவறாமல் டெலிபோன் செய்வாள். “பூனை சௌக்கியமா?” என்பாள். “எலி சௌக்கியமா?” என்று நான் கேட்பேன். பாடம் சொல்லிக் கொடுத்ததற்காக அவள் எனக்கு நன்றி சொல்கிறாள். நான் நன்றி சொல்வது அந்த ஒரு சிரிப்புக்கு.

அடுத்த முறை குழந்தைகளோடு மாமல்லபுரம் போனால், அந்தப் பூனைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கதையை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்கள் சொல்லட்டும். பூனை யார் என்று அவர்கள் சொன்னால், கோபித்துக்கொள்ளாதீர்கள்!