எழுப்பிவிடுவது யார்?

சென்னையிலிருந்து தெற்கே இரவுப் பயணம் போகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. "பஸ்ஸில் தூங்குவதெல்லாம் ஒரு தூக்கமா?" என்பார் ரயில் கட்சிக்காரர். "அறுபது நாளைக்கு முன்னாடியே பிடித்துவைக்க அது என்ன கல்யாண மண்டபமா?" என்பார் பஸ் கட்சிக்காரர். சண்டை முழுக்கப் படுக்கையைச் சுற்றியே நடக்கும்: அகலம், மெத்தை, ஏசி, குலுக்கல். நான் இரண்டிலும் மாறி மாறிப் போய்வருகிறவன். என் கட்சி வேறு. இறங்கவேண்டிய இடத்தில் நம்மை எழுப்பிவிடும் பொறுப்பு யாருடையது என்பது தீர்ந்துவிட்டால், வெறும் பலகையிலும் தூக்கம் வரும். அது தீராதவரை எந்த மெத்தையும் உதவாது.

இந்த விஷயத்தில் மதுரைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிட்டால் போதும். ரயிலே மதுரைக்கு மேல் போகாது. எழாமல் கிடந்தாலும் பெட்டியைக் கூட்ட வருகிறவர் காலைத் தட்டுவார். நெல்லைக்காரர்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸ், தூத்துக்குடிக்காரர்களுக்கு முத்துநகர், செங்கோட்டைக்காரர்களுக்குப் பொதிகை. கடைசி நிறுத்தம் சொந்த ஊராக அமைவது ஒரு சொத்து. அதை அனுபவிக்கிறவர்களுக்கு அது சொத்து என்றே தெரியாது.

எனக்குத் திண்டுக்கல். மேலே சொன்ன ரயில்கள் எல்லாமே எங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன. போகிற நேரம்தான் வம்பு. எதில் ஏறினாலும் திண்டுக்கல் நடுநிசிக்கும் விடியலுக்கும் இடையில் எங்கோ வரும், சில நிமிடம் நிற்கும், போய்விடும். விட்டால் கொடைரோடு, இல்லாவிட்டால் மதுரை. ஆகவே அலாரம் வைத்துக்கொண்டு படுக்கிறோம். திருச்சி தாண்டினால் பெட்டியில் இருக்கிற திண்டுக்கல்காரர்கள் அத்தனை பேருடைய போனும் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். முருகன் பாட்டு, சேவல் கூவல், வெறும் அதிர்வு. செங்கோட்டைக்குப் போகிறவர்கள் போர்வைக்குள்ளிருந்து நம்மைச் சபிப்பது கேட்கும். ரயில் தாமதமானால் இன்னும் மோசம். எழுந்து, பல் துலக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டில் மணப்பாறையையும் வையம்பட்டியையும் தேடியபடி உட்கார்ந்திருக்க வேண்டும். 139-க்குச் சொல்லிவைத்தால் ரயில்வேயே போன் செய்து எழுப்புகிற வசதி உண்டு. ஆனால் போன் வருமா, வருகிறபோது சிக்னல் இருக்குமா என்ற கவலையில் மனசு அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே எழுந்துகொள்கிறது.

இது என் மனப்பிராந்தி மட்டும் அல்ல. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, புது இடத்தில் தூங்குகிற முதல் இரவில் மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை என்று காட்டியது. லேசான சத்தம் கேட்டாலும் அந்தப் பக்கம் விழித்துக்கொள்கிறதாம். அதே இடத்தில் மறுபடி படுக்கவைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ரயில் பெர்த்தோ பஸ் பெர்த்தோ, நமக்கு எப்போதுமே முதல் இரவுதான். பாதி மூளை காவலுக்கு உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் "நீயும் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பஸ்ஸில் அந்த ஆள் உண்டு. தேனிக்கும் போடிக்கும் போகிற பஸ்ஸில் ஏறும்போதே கிளீனர் தம்பியிடம் "திண்டுக்கல் பைபாஸ்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வடமதுரை வரும்போது திரையை விலக்கி, "அண்ணே, அடுத்து உங்க ஸ்டாப்புதான், செருப்பைப் போட்டுக்கங்க" என்பான். அந்தக் குரலை நம்பி நான் தூங்கியிருக்கிற தூக்கத்தை ரயிலின் குளிர்பெட்டியில் வெள்ளை விரிப்பின் மேல் கண்டதில்லை. அரசு விரைவுப் பேருந்திலும் 2018-இல் படுக்கை வசதி வந்துவிட்டது. நடத்துநர் டிக்கெட்டைக் கிழிக்கும்போதே நம் முகத்தையும் ஊரையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்கிறார். இவ்வளவு நம்பகமான அலாரம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

சரி, அப்படியென்றால் பஸ்ஸே தேவலை என்று முடித்துவிடலாமா? முடியாது. எழுப்பிவிட ஒருவர் போதும். அதற்குமுன், விழித்திருக்கவும் ஒருவர் வேண்டும். ரயில் எஞ்சினில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஓட்டுநர் ஒரு நிமிடம் போல எந்த விசையையும் தொடாமல் இருந்தால் எஞ்சினிலிருக்கும் கருவி விளக்கைக் காட்டி எச்சரிக்கும், பிறகு ஒலி எழுப்பும், அதற்கும் அசையாவிட்டால் தானே பிரேக் போட்டுவிடும். வழியெங்கும் நிலையங்களில் யாராவது விழித்திருக்கிறார்கள். 2023 ஜூனில் பாலசோர் அருகே நடந்த ரயில் விபத்தைப் பார்த்த பிறகு ரயிலில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அங்கே நம் தூக்கத்துக்காகப் பலர் முறைவைத்துக் கண் விழிக்கிறார்கள். பஸ்ஸில் அத்தனையும் ஒரே மனிதரின் இமைகளில் நிற்கிறது. சட்டப்படி ஓட்டுநருக்கு நாளைக்கு எட்டு மணி நேரந்தான் வேலை; 1961-ஆம் ஆண்டிலிருந்தே அப்படித்தான். தீபாவளிக்கு முந்தின இரவு அதை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்? பரனூர் சுங்கச்சாவடி தாண்டி வண்டி வேகமெடுத்ததும் நான் எழுந்துபோய், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவது வழக்கம். 2025 அக்டோபரில் கர்னூல் அருகே ஸ்லீப்பர் பஸ் தீப்பிடித்துத் தூக்கத்திலேயே பலர் இறந்துபோன பிறகு, என் படுக்கையிலிருந்து அவசர வழிக்கு எத்தனை அடி என்பதையும் பார்த்துக்கொள்கிறேன்.

குலுக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெனீவாவில் ஓர் ஆய்வுக் குழு, நாலு விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஆடுகிற கட்டிலில் ஆட்களைத் தூங்கவைத்துப் பார்த்து, ஆழ்ந்த தூக்கம் கூடுகிறது என்று 2019-இல் எழுதியது. தூளி கட்டிப் பிள்ளை வளர்த்த எந்தப் பாட்டியும் இதற்கு வாய்விட்டுச் சிரிப்பாள். ரயிலின் ஆட்டம் ஓரளவு அந்த வகை. பஸ்ஸுக்குத் தாளமே கிடையாது. முந்தும்போது ஒரு பக்கம், பிரேக்குக்கு ஒரு பக்கம், வேகத்தடைக்கு மேல்நோக்கி. மேல் பெர்த்தில் அது இரட்டிப்பாகும். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற கடைசி வரிசையைக் காசு கொடுத்தாலும் எடுக்கக் கூடாது. நடுவில், கீழ்ப் படுக்கை கிடைத்தால் பரவாயில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்றை ஆண்கள் எளிதில் பேசுவதில்லை. பஸ்ஸில் கழிப்பறை இல்லை. சர்க்கரை நோயாளிகளும் வயதானவர்களும் பெண்களும் மத்தியானத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்து ஏறுகிறார்கள். நள்ளிரவில் நெடுஞ்சாலை மோட்டலில் விளக்கைப் போட்டு, குத்துப்பாட்டை அலறவிட்டு, "வண்டி பத்து நிமிசம் நிக்கும்" என்பார்கள். அந்தக் கழிப்பறையின் நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுக்கிற பெண்ணிடம் போய்ப் பஸ்ஸா ரயிலா என்று பட்டிமன்றம் நடத்த முடியாது. என் மனைவி ரயில் கட்சி. சைடு அப்பர் கிடைத்தாலும் ரயில்தான். ஆர்ஏசி-யில் பாதி சீட்டு கிடைத்து, முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாலும் ரயில்தான்.

ஆக, மதுரை வரை போகிற காரியமென்றால் நான் ரயில், தனியாகத் திண்டுக்கல் என்றால் பஸ், குடும்பத்தோடு என்றால் எங்கே போனாலும் ரயில். இப்படியொரு ஏற்பாட்டில் நிம்மதியாகத்தான் இருந்தேன். அதைக் கலைத்தது அம்மா. "நீ மூணு மணிக்கு இறங்குறன்னா நான் ரெண்டு மணியிலருந்து கதவப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், தெரியுமாப்பா?" என்றாள். சாவியைக் கொடு, நானே திறந்துகொள்கிறேன் என்றேன். "சாவி இருந்தா மட்டும் எனக்குத் தூக்கம் வந்துருமா?"

அதனால் இப்போதெல்லாம் லீவு கிடைத்தால் வைகை எக்ஸ்பிரஸ். மத்தியானம் எழும்பூரில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு. அதில் படுக்கையே கிடையாது, உட்கார்ந்துதான் போக வேண்டும். செங்கல்பட்டு தாண்டியதும் எனக்குக் கண் சொக்கிவிடுகிறது.