சஹனும் ஸோமுனும்: சரயேவோ நகரில் ஒரு சிக்கனப் பயணம்



ஐரோப்பியப் பயணம் என்றவுடன் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்விகள் இரண்டு: "அங்கே எதைச் சாப்பிடுவது? எவ்வளவு செலவாகும்?" மதரஸா ஆசிரியனாகிய என் உள்ளத்திலும் இவ்விரண்டு கேள்விகளே எழுந்தன. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஜெர்மனியில் பணியாற்றி வருகிறார். அவர் தம் விடுமுறையின்போது, போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவுக்கு என்னை அழைத்துச் சென்றார். "செலவைப் பற்றி யோசிக்காதீர்கள், ஹஜ்ரத்" என்று அவர் கூறினாலும், பிள்ளையின் உழைப்பு வீணாகிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு இருந்தது. நீங்களோ உங்கள் மக்களோ அந்நகருக்குச் செல்ல நேர்ந்தால் உதவும் என்பதற்காக, கண்டவற்றையும் உண்டவற்றையும், அங்கே கற்ற ஒரு பாடத்தையும் இங்கு எழுதுகிறேன்.

விருந்தோம்பலில் வளர்ந்த நகரம்

மில்யாட்ஸ்கா என்னும் சிற்றாற்றின் கரையில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் சரயேவோ அமைந்துள்ளது. இதன் வளர்ச்சிக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் உதுமானிய ஆளுநர் காஜி ஹுஸ்ரவ் பேக். சுல்தான் இரண்டாம் பாயஜீதின் மகள்வழிப் பேரரான இவர், 1530-ஆம் ஆண்டையொட்டிப் பெரிய பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினார். அத்துடன் ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் உணவளிக்கும் அன்னசாலையையும், வழிப்போக்கர் தங்கும் விடுதியையும் வக்ஃபாக விட்டுச் சென்றார்.

1537-இல் தம் தாயாரின் நினைவாக மதரஸா ஒன்றையும் அவர் நிறுவினார். கட்டடச் செலவு போக எஞ்சும் பணத்தில் நல்ல நூல்களை வாங்க வேண்டும் என்று அதன் வக்ஃபு ஆவணத்திலேயே எழுதி வைத்தார். அவ்வாறு பிறந்த நூலகம் இன்றும் இயங்குகிறது. 1992-இல் தொடங்கிய முற்றுகையின்போது, அதன் கையெழுத்துப் பிரதிகளை ஊழியர்கள் இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றினர். 2014-இல் அதற்குப் புதிய கட்டடம் கிடைத்தது. மதரஸாவுடன் தொடர்புடையோர் அவசியம் காண வேண்டிய இடம் இது.

குறைந்த செலவில் நிறைந்த உணவு

போஸ்னியாவின் நாணயம் மார்க். 1 யூரோவுக்கு ஏறத்தாழ 1.95 மார்க் கிடைக்கும். சிறு கடைகளில் ரொக்கமே கேட்பார்கள். ஆகவே சில்லறை வைத்திருங்கள்.

பஷ்சார்ஷியா எனப்படும் பழைய கடைவீதியில் கால் வைத்ததுமே கரியில் வாட்டும் இறைச்சியின் மணம் வரவேற்கும். அதுதான் செவாப்பி. மாட்டிறைச்சியைக் கொத்தி, விரல் அளவில் உருட்டிச் சுட்ட கபாப். ஸோமுன் என்னும் மெத்தென்ற ரொட்டியைப் பிளந்து, அதனுள் ஐந்தோ பத்தோ வைத்து, நறுக்கிய வெங்காயத்துடன் தருவார்கள். நடுத்தர வயதினருக்கு ஐந்தே போதும். விரும்பினால் கைமாக் என்னும் பாலாடையும், குடிப்பதற்கு மோர் போன்ற தயிரும் கேட்டு வாங்கலாம்.

காலை உணவுக்குப் பூரெக் ஏற்றது. மெல்லிய மாவுத் தாளில் இறைச்சியைச் சுருட்டி, நெருப்புத் தணல் பரப்பிய மூடியின் கீழ் வேகவைக்கிறார்கள். நிறுத்து விற்பதால் வேண்டிய அளவே வாங்கலாம். அவ்வூர் வழக்கில் இறைச்சி வைத்தது மட்டுமே பூரெக். பாலாடைக்கட்டி வைத்தது ஸிர்னிட்சா. கீரை வைத்தது ஸெல்யானிட்சா. உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிரூஷா. இறைச்சி உண்ணத் தயங்குவோர் இப்பெயர்களை நினைவில் கொள்க.

மதிய உணவுக்கு ஆஷ்சினிட்சா எனப்படும் சாப்பாட்டுக் கடையை நாடுங்கள். சமைத்த பதார்த்தங்கள் தட்டுகளில் வரிசையாக இருக்கும். மொழி தெரியாவிட்டாலும் விரலால் சுட்டிக் காட்டினால் போதும். இறைச்சி அடைத்த வெங்காயம், திராட்சை இலைச் சுருள், அவரைக் குழம்பு ஆகியவை வயிற்றுக்கு இதமானவை. உண்ட பின், அக்ரூட் பருப்பு அடைத்து வேகவைத்த ஆப்பிளான துஃபாஹியா அல்லது செம்புக் கெண்டியில் வரும் போஸ்னியக் காப்பி.

ஓர் எச்சரிக்கை! இது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம் என்பதற்காக, எந்த உணவகத்திலும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து விடாதீர்கள். பழைய கடைவீதியில் கவலை குறைவு. பல கடைகளில் மதுவே கிடையாது. புது நகரத்தின் சில உணவகங்களில் மதுவும் பன்றி இறைச்சியும் உண்டு. ஹலால்தானா என்று கேட்டுவிட்டு அமருங்கள். கேட்பதில் குற்றம் ஏதுமில்லை.

காசின்றிக் காணத்தக்கவை

கடைவீதியின் நடுவே ஸெபில் என்னும் மரத்தாலான நீர்ப்பந்தலும், புறாக்கூட்டமும், அருகே செம்புப் பாத்திரங்களைத் தட்டும் கன்னார் தெருவும் உள்ளன. பள்ளிவாசலை அடுத்த மணிக்கூண்டை உற்றுப் பாருங்கள். உங்கள் கைக்கடிகாரத்துடன் அது ஒத்துப் போகாது! சூரியன் மறையும் நேரத்தை 12 மணியாகக் கொண்டு ஓடும் கடிகாரம் அது.

சற்றே நடந்தால், 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்ட லத்தீன் பாலம். முதல் உலகப்போருக்கு வழிவகுத்த இடம் இது. ஆற்றோரமாக வியேச்னிட்சா என்னும் அழகிய மாளிகை; 1992 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்து, லட்சக்கணக்கான நூல்கள் சாம்பலான தேசிய நூலகம். செப்பனிடப்பட்டு 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டது. மாலையில் மஞ்சள் கோட்டை மேட்டுக்கு ஏறினால் நகரம் முழுவதும் தெரியும். ரமலானில் நோன்பு துறக்கும் நேரத்தை அங்கிருந்து பீரங்கி முழங்கி அறிவிக்கிறார்கள்.

குடும்பத்துடன் செல்வோர் 3-ஆம் எண் டிராமில் இலிஜா வரை செல்லுங்கள். நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் முன்னதாகவே சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அங்கிருந்து மரங்கள் அடர்ந்த சாலையில் நடந்தால் போஸ்னா ஆற்றின் ஊற்றுக்கண். பிள்ளைகள் மகிழ்வார்கள். முற்றுகைக் காலத்தில், 1993-இல், விமான நிலையத்தின் அடியில் தோண்டிய சுரங்கவழியின் அருங்காட்சியகமும் அப்பகுதியில்தான் உள்ளது.

ஒரு துண்டு ரொட்டி

இனி நான் கற்ற பாடம். முதல் நாள் பசியில், ஐந்து போதும் என்று உணராமல் பத்து செவாப்பி கேட்டுவிட்டேன். இறைச்சியைத் தின்று, ரொட்டியில் பாதியை ஒதுக்கி எழுந்தேன். பரிமாறிய முதியவர் என் மாணவரிடம் ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டார். போர்க்காலத்தில் ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்தவர்களுள் அவரும் ஒருவராம். "ரொட்டி நன்றாக இல்லையா என்று கேட்கிறார், ஹஜ்ரத்" என்றார் மாணவர். நான் பதில் கூறுமுன்பே அவர் அதைக் காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தார். தாம் வெளியேறும்வரை, வீதியோரத்துச் செந்தட்டியைப் பறித்து அவித்துத் தம் தாயார் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாக அவர் சொன்னார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரும் வெட்கமாயிற்று.

மறுநாள் ஃபெர்ஹாதியா வீதியில் நடந்தோம். தரையில் சிவப்புப் பூப்போன்ற கறை ஒன்று. குண்டு விழுந்த பள்ளத்தில் செந்நிறப் பிசினை ஊற்றி வைத்திருக்கும் நினைவுச் சின்னம். சரயேவோ ரோஜா என்கிறார்கள். 1992 மே 27 அன்று ரொட்டி வாங்க வரிசையில் நின்ற மக்கள்மீது குண்டு விழுந்தது அவ்வீதியில்தான். முற்றுகை 1,425 நாட்கள் நீடித்தது. 2012-இல், மாண்டவர்களின் நினைவாக 11,541 சிவப்பு நாற்காலிகளை வீதியில் வரிசையாக வைத்தார்களாம். முந்தின நாள் ரொட்டி அப்போதும் என் பையில் இருந்தது. அன்று பகல் எனக்கு அதுவே உணவாயிற்று.

வாசகர்களே! குடியிருப்புப் பகுதியை அவர்களும் 'மஹலா' என்கிறார்கள். நாம் மஹல்லா என்கிறோம். உணவு வைக்கும் செம்புத் தட்டை அவர்களும் 'சஹன்' என்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களின் விருந்துகளில் பலர் கூடி உண்ணும் தட்டுக்கும் அதுவே பெயர். ஊர் திரும்பிய மறுவாரம் எங்கள் மஹல்லாவில் ஒரு திருமண விருந்து. எழுந்து சென்ற ஒவ்வொரு சஹனிலும் சோறும் கறியும் குவிந்து கிடந்தன. எத்தனையோ ஆண்டுகளாகக் கண்ட காட்சிதான். அன்று ஏனோ அதைக் கடந்துவர இயலவில்லை. மணமகனின் தந்தையை அணுகி, பரிமாறாமல் அண்டாவில் எஞ்சியதைப் பொட்டலமாக்கி மதரஸாப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்து ஏழை வீடுகளுக்கும் அனுப்பலாமா என்று கேட்டேன். "இதைக் கேட்கவா தயங்கினீர்கள், ஹஜ்ரத்?" என்று அவரே முன்னின்று கட்டிக் கொடுத்தார்.

சரயேவோவுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டாது. ஆனால் அடுத்த விருந்துக்கு நாம் எல்லோரும் செல்வோம். இன்ஷா அல்லாஹ், அங்கே சஹனில் சோறு விழும்போதே "போதும்" என்று சொல்லப் பழகுவோம்.