தொழில் என்ற கட்டம்

இல்லச் சந்திப்புக்குச் செல்லும்போது பங்கின் குடும்ப அட்டைகளையும் கையோடு கொண்டு செல்வது என் வழக்கம். பெயர், வயது, திருமுழுக்குப் பெற்ற நாள், தொழில் என அதில் கட்டங்கள் உண்டு. வாய்க்காலை ஒட்டிய வீடொன்றில் வாழும் பெரியவரின் அட்டையில், எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தை 'விவசாயம்' என்று எழுதியிருந்தார்.

"அதை அடிச்சுடுங்க சாமி. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. இப்ப நான் சும்மா இருக்கிற கிழவன்" என்றார் அவர்.

குறுவை, சம்பா, தாளடி என்று பருவங்களைக் கொண்டே தம் வயதை எண்ணியவர் அவர். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளாகிய சூன் 12 அவருக்குத் திருநாள் போன்றது. முழங்கால் தளர்ந்துவிட்டது, பிள்ளைகள் வெளியூரில். இன்றும் தண்ணீர் வரும் நாளில் கரைக்குப் போகிறாராம். மண்வெட்டி இல்லாமல் வெறுங்கையோடு நிற்க வெட்கமாயிருக்கிறது என்றார்.

தேற்றுவதாக எண்ணி, மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். 1826இல் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப்பாக உயர்ந்தவர். இன்றைய மயிலாடுதுறையாகிய மாயூரத்தில் பல்லாண்டு நீதி வழங்கினார். தாது வருடப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தது பதவியை விட்டிறங்கிய பின்னரே. தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியதும் அப்படித்தான். ஆயினும் ஊரார்க்கு அவர் முன்சீப் வேதநாயகம் பிள்ளைதான். பதவி மனிதனை விட்டாலும் அடைமொழி விடுவதில்லை போலும்!

பெரியவர் பொறுமையோடு கேட்டார். "அவர் கையில பேனா இருந்துச்சு சாமி" என்றார்.

மறைக்கல்லூரியில் கற்ற எதுவும் அப்போது எனக்குக் கைகொடுக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் என் தாயின் நினைவே வந்தது. குருப்பட்டம் பெற்ற அன்று என் கைகளை முத்தமிட்ட அவர், அதன்பின் என்னைப் பெயர் சொல்லி அழைக்கவேயில்லை. "சாமி சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்பார். அந்த மரியாதையில் எனக்குப் பெருமை உண்டு; எதையோ பறிகொடுத்த உணர்வும் உண்டு. இறுதி மாதங்களில் அவருக்கு நினைவு மங்கிற்று. நோயில்பூசுதல் அளிக்கச் சென்றேன். "சாமியார் வந்திருக்காரு, நாற்காலி போடுங்க" என்றார், வேற்றாளைக் கண்டவர்போல. எண்ணெய் பூசி, செபித்து, அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அருகில் அமர்ந்தேன். என்னை உற்றுப் பார்த்தார். பின் என் பெயரைச் சொல்லி, "பள்ளிக்கூடம் விட்டாச்சாடா?" என்றார். கால் நூற்றாண்டாக 'நான்' என்று நான் எண்ணியிருந்த குருவானவரை அவருக்குத் தெரியவில்லை. மகனைத் தெரிந்திருந்தது.

திருமுழுக்கின்போது பெற்றோரிடம் முதலில் கேட்பது குழந்தையின் பெயரை. அடக்கச் செபத்திலும் பெயரை மட்டுமே சொல்கிறோம். எத்தனையோ முறை வாசித்த சொற்கள். அன்றுவரை நான் அதைக் கவனித்ததில்லை. ஓய்வு பெறும் வயதை நோக்கி நானும் நடக்கிறேன். பங்கில்லாத பங்குத்தந்தை வெறுங்கையோடு எந்தக் கரையில் நிற்பான் என்ற அச்சம் எனக்கும் உண்டு. இதைப் பெரியவரிடம் பிறகொரு நாள் சொன்னேன். சிரித்தார்.

சில ஞாயிறுகளில் திருப்பலி முடிந்து வெளியே வருகையில், "அடிச்சுட்டீங்களா சாமி?" என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறேன். அவர் வற்புறுத்துவதில்லை.