ஓலையிடும் முன்

எங்களூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்டுள்ளன. குடத்திலிருந்து ஓலையெடுத்த சிறுவனைப் பலரும் அறிவர். ஓலையைக் குடத்திலிடும் முன்பே நிலம், மனை, வயது, கல்வி என்று தகுதி பார்த்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பொறியியல் கலந்தாய்வில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டதும், அதில் சேர்வதா, அதை வைத்துக்கொண்டே மேல்விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்று ஓரிரு நாளில் முடிவு சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு நெசவாளர் வீட்டு மாணவியொருத்தி வந்தாள். கிடைத்திருந்தது பேருந்தில் போய்வரத்தக்க கல்லூரி. அவள் பட்டியலில் அதற்கு மேலே இருந்தது கோவைக் கல்லூரி.

"காத்திருக்கட்டுமா ஐயா?"

மேல்விருப்பம் கிடைத்துவிட்டால் கையிலிருக்கும் இடம் தானாகவே போய்விடும். "அங்கே விடுதிக்குப் பணம் கட்ட வீட்டில் இயலுமா அம்மா?" என்றேன். தலை கவிழ்ந்தாள். ஏற்க இயலாத இடத்துக்குக் காத்திருப்பதில் பொருளில்லை என்றேன். சொல்வது எளிதாக இல்லை.

1880இல் உ.வே.சா. திருவாவடுதுறை மடத்தை நீங்கி, மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் கும்பகோணம் கல்லூரிக்குச் சென்றார். அவ்வூரில்தான் அதே ஆண்டு சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. எந்த விருப்பப் பட்டியலிலும் அச்சந்திப்பு இருந்திருக்காது. இதையும் அவளிடம் சொன்னேன்.

சேர்ந்துவிட்டாள். காலைப் பேருந்தில் சில நாள் பார்க்கிறேன். பாடங்களைப் பற்றிப் பேசுகிறாள். கோவைப் பேச்சை அவள் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.