பின்னால பாடுறது ஆர்?

வீட்டில பாட்டு ஒலிப்பதிவு செய்யப்போறம் எண்டு சொன்னால் முதலில வாற கேள்வி: "மெஷின் என்ன, ஐ-செவனா? கிராபிக்ஸ் கார்ட் எத்தினை ஜீபீ?" கேம் விளையாடுற பெடியளின்ர கேள்வி அது. ஒலிப்பதிவுக்குக் கிராபிக்ஸ் கார்டால் பெரிய பிரயோசனம் இல்லை. மைக்குக்கும் கணினிக்கும் இடையில் ஒடியோ இன்டர்பேஸ் எண்டு ஒரு சின்னப் பெட்டி நிற்கும். அது உங்கட கணினியோடு ஒத்துப்போகுமா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது எங்கட கட்சி.

நாங்கள் நாலு பேர். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் பின்னறை, ஒரு பழைய விண்டோஸ் லப்டொப். தொடங்கினது 2022 இல். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதம் 360 ஐத் தொட்டது. புதுச் சாமான் வாங்கிற கதைக்கே இடமில்லை. லண்டனில் இருக்கிற மச்சான் ஒருத்தர் தான் பாவிக்காத இன்டர்பேஸ் ஒன்றை அனுப்பினார். நல்ல சாமான், எட்டு மைக் கொழுவலாம். ஆனால் பின்னுக்கு இருந்தது பயர்வயர் போர்ட். எங்கட லப்டொப்பில் அது இல்லை. பயர்வயரை யூஎஸ்பி ஆக்கிற மலிவு வயர்கள் இருக்கின்றன. இந்த வேலைக்கு அவை உதவாது. டெஸ்க்டொப் என்றால் உள்ளே ஒரு கார்ட் போடலாம், அதிலும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது. அந்தப் பெட்டி இப்பவும் அலுமாரிக்கு மேலதான்.

பிறகு காசு சேர்த்து, இரண்டு மைக் கொழுவக்கூடிய யூஎஸ்பி இன்டர்பேஸ் ஒன்றை செக்கன்ட் ஹாண்டில் எடுத்தம். அவசரத்துக்குக் காரணம் ஒரு அண்ணாவியார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு கூத்தின் பாட்டு முழுக்க அவரின்ர ஞாபகத்தில மட்டும்தான், கொப்பி இல்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இரண்டு வரி பாடினார், நிறுத்தினார்.

"தம்பி, உதுக்குள்ள ஆரோ எனக்குப் பின்னால பாடுறான்."

அது அவரின்ர குரல்தான். கணினி குரலைத் துண்டு துண்டாக, நொடிக்கு 44,100 சாம்பிள் என்று எடுக்கிறது. பஃபர் 1024 இல் நின்றால் அத்தனை சாம்பிள் சேர 23 மில்லிசெக்கன் பிடிக்கும். உள்ளே போக ஒருக்கா, வெளியே வர ஒருக்கா. மத்தளத்தோடு பாடிப் பழகின காது அதை விடுமா?

பஃபரை 128 க்கு இறக்கினால் தாமதம் குறையும். ஆனால் பட் பட் எண்டு வெடிச்சத்தம் ஏறியது. 'லேட்டன்சிமொன்' எண்ட மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தம்: வைஃபை ட்ரைவர்தான் இடையில் புகுந்துகொண்டிருந்தது. வைஃபையை நிறுத்தினதும் அதே பழைய லப்டொப்பில் 128 ஒழுங்காக ஓடியது. கிட்டாரை மென்பொருளுக்குள்ளால வாசிக்க அது போதும். அண்ணாவியாருக்கு அதுவும் தேவைப்படவில்லை. இன்டர்பேஸில் டிரெக்ட் மொனிட்டர் எண்டு ஒரு சுவிட்ச் இருக்கு, போட்டால் குரல் கணினியைச் சுற்றாமல் நேரே காதுக்கு வரும்.

வாங்கப்போறவை, உங்கட விண்டோஸ் பதிப்புக்கு ஏசியோ ட்ரைவர் இருக்கோ எண்டு தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்த பிறகு காசைக் கொடுங்கோ. யூஎஸ்பி-சி வடிவத்தில் இருக்கிற போர்ட் எல்லாம் தண்டர்போல்ட் இல்லை; பக்கத்தில் மின்னல் அடையாளம் இருக்கோ பாருங்கோ. யூஎஸ்பி 2.0 பழசு எண்டு ஆரும் சொன்னால் பயப்பட வேண்டாம்: 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் இரண்டு மைக்குக்கு நொடிக்கு 2.5 மெகாபிட் கூடத் தேவையில்லை, அதின்ர அளவு 480. எஸ்எஸ்டி கட்டாயம். எட்டு ஜீபீ ராம் குரல் பதியக் காணும். மென்பொருள் வயலின்களை அடுக்கப்போறீங்கள் எண்டால் 16. லப்டொப்பா டெஸ்க்டொப்பா? 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்களைப் பார்த்த ஆக்கள் நாங்கள், லப்டொப் எண்டுதான் சொல்லுவம்.

அண்ணாவியார் மூன்று பின்னேரம் வந்தார். பாட்டில் முக்கால்வாசி பதிவாகிவிட்டது. மத்தளத்தின் இரண்டு பக்கத்துக்கும் மைக் வைத்தால் அவருக்கு மைக் மிஞ்சாது, அதுதான் இப்ப பிரச்சினை. ஆரிட்டயாவது பயர்வயர் உள்ள பழைய டெஸ்க்டொப் சும்மா கிடந்தால் சொல்லுங்கோ.